மேற்கோள் குறிக்குள் ஒரு மிஸ்

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். தான் எழுதாத வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டு, அவற்றைச் சொன்னவர் யார் என்று கடைசிப் பக்கத்தில் குறிப்பிட்டாள். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "வேற ஏதாவது பண்ணியிருப்பா, நல்லா விசாரிங்க" என்கிறார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர்கூட அப்படித்தான் சொன்னார். விசாரித்துவிட்டேன். அவள் வேறு எதுவும் பண்ணவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் அந்தப் பள்ளி வாசலை ஆட்டோவில் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். நான் தென்னூரில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு மணப்பாறையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஒரே பெண். ஊரில் நல்ல பேர் வாங்கிய பள்ளி, ஆங்கிலம் நன்றாக வரும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டுத்தான் அங்கே சேர்த்தோம்.

அந்த வருடம் ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் வைத்தார்கள். நதிகளைக் காப்பது பற்றி ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். தகவல் எங்கிருந்து எடுத்தது என்று கடைசியில் ஆதாரப் பட்டியல் தர வேண்டும். அதற்கு இருபது மதிப்பெண். வருடக் கடைசித் தேர்வு மதிப்பெண்ணோடு அதுவும் சேரும்.

இதற்கென்று ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, திரையில் படம் போட்டு, கட்டுரைக்கு முன்னுரை எப்படி, நடுப்பகுதி எப்படி, முடிவுரை எப்படி, அடுத்தவர் சொன்னதை எடுத்தால் எப்படிக் குறிப்பது என்றெல்லாம் விளக்கியிருக்கிறார். ஒரு வரி எடுத்தாலும் யாருடையது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது திருட்டு என்றாராம். பிறகு பிள்ளைகளை எழுந்து நின்று வலது கையை நீட்டச் சொல்லி ஓர் உறுதிமொழியும் எடுக்க வைத்தார். பிறர் எழுத்தை என் எழுத்தென்று சொல்ல மாட்டேன் என்று அவர் ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொல்ல, அரங்கமே திருப்பிச் சொன்னது. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

என் மகள் அந்த உறுதிமொழியை நம்பிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

மறு வாரம் அவர்களுடைய ஆங்கில மிஸ் வகுப்புக்கு வந்து, எல்லோரையும் நோட்டை எடுக்கச் சொன்னார். "முன்னுரையும் முடிவுரையும் நான் சொல்றேன், எழுதிக்கோங்க. நடுவுல மூணு பாரா மட்டும் நீங்க எழுதினா போதும். வெளியிலேர்ந்து பாக்க வர்றவங்களுக்கு ஸ்ட்ரக்சர் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார். சொன்னார், எழுதிக்கொண்டார்கள். மனித நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில்தான் தோன்றின என்று ஆரம்பித்து ஐந்து வரி. நதிகளைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று முடிவதற்கு ஒரு நாலு வரி. வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் சொந்தக் கட்டுரையும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி முடிய வேண்டும். இந்த ஏற்பாடு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. உறுதிமொழி எடுத்த அதே கைகள்தான் எழுதின.

என் மகள் நடுப்பகுதிக்காக உண்மையாகவே உழைத்தாள். அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் சடங்கு செய்ய வருகிறவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்திருந்தாள். அங்கே கற்பூரமும் வெற்றிலையும் விற்கும் கடைக்காரரிடம் பேசினாள். நூலகத்தில் பழைய செய்தித்தாள் புரட்டினாள். புவியியல் பாடப் புத்தகத்திலிருந்தும் ஏதோ எடுத்தாள். பத்திரிகை, பாடப் புத்தகம், கடைக்காரர் என்று மூன்று ஆதாரங்களையும் பட்டியலில் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, கிளாஸ்ல டீச்சர் சொன்னதை எடுத்தா அதை எப்படிப் போடணும்னும் ஒரு ஃபார்மட் இருக்கு, தெரியுமா? சனிக்கிழமை வந்த சார் குடுத்த தாள்லயே இருக்கு."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"இன்ட்ரோவும் கன்க்ளூஷனும் மிஸ் சொன்னதுதானே. நான் எழுதலையே."

எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அந்த ஒன்பது வரிகளையும் மேற்கோள் குறிக்குள் போட்டாள். பட்டியலில் நான்காவதாக மிஸ்ஸின் பெயரை எழுதி, வகுப்பில் சொல்லி எழுத வைத்தது என்று குறிப்பும் மாதமும் போட்டாள். அந்தத் தாளில் எப்படி இருந்ததோ, காற்புள்ளி மாறாமல் அப்படியே.

அடுத்து என்ன நடந்தது என்பதை அவள் அழுதுகொண்டே பிறகு சொன்னாள். மிஸ் கட்டுரைகளைத் திருத்தும்போது இதைப் பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் அறையில் யாரோ எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிரிப்பு. அது எப்படியோ வகுப்புக்கு வந்துவிட்டது. மறுநாள் மிஸ் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "டேய், சோர்ஸ் நம்பர் ஃபோர் வருதுடா" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸின் காதில் விழுந்தது. சொன்னவனை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என் மகளிடம் வந்து, "என்னைக் கேலி பண்ணத்தான் இவ்ளோ அழகா எழுதினியா?" என்று கேட்டு, வெளியே நிற்க வைத்தார்.

எனக்கு அலுவலகத்துக்கு போன் வந்தது. "மேடம், உடனே வாங்க" என்றார்கள். என்ன ஏதென்று சொல்லவில்லை. பெண்பிள்ளையைப் பெற்றவளுக்கு அப்படி ஒரு போன் வந்தால் வழியில் என்னென்ன தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, ஸ்கூல்ல சும்மாவே கூப்பிடுவாங்க" என்றார்.

துணை முதல்வர் ஒரு பெண்மணி. அவருடைய அறையில் ஏசி சில்லென்று ஓடியது. மேசைக்கு ஒரு பக்கம் ஆங்கில மிஸ் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. என் மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு பண்ணினதைப் பாருங்க" என்று துணை முதல்வர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் படித்தேன். நாலு வரி. நாலாவது வரியில் மிஸ்ஸின் பெயர்.

"இதுல என்ன மேடம் இருக்கு?"

"என்ன இருக்கா? கற்பூரக் கடைக்காரர் பேருக்குக் கீழ எங்க டீச்சர் பேர். நீங்களே சொல்லுங்க."

"எழுத்து வரிசைப்படி போடணும்னு தாள்ல இருக்கு, மேம்" என்றாள் என் மகள்.

"உன்னை நான் கேக்கல."

நான் மகளின் பையிலிருந்து அந்தப் பயிற்சி வகுப்புத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "மேடம், நீங்கதான் அவளுக்குப் பேசக் கத்துக் குடுத்தீங்க. அவ பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் அம்மான்னு சோர்ஸ் போடறாளா? சொல்லுங்க."

ஆங்கில மிஸ் அப்போதுதான் என் மகளைப் பார்த்துச் சொன்னார். "நான் சொல்லிக் குடுத்தா அது உன்னுதுதாம்மா. உங்களுக்காகத்தானே சொன்னேன். என் பேரைப் போடுன்னு நான் கேட்டேனா?" குரல் உடைந்திருந்தது. அவர் நடிக்கவில்லை. தான் கொடுத்த ஒன்றை ஒரு பெண் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கணம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த கணமே அந்த இரக்கத்தின்மேல் கோபம் வந்தது. இப்படி இரங்கி இரங்கித்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்.

"மிஸ், நீங்க சொன்னதை நான் எழுதினேன்னு எப்படிப் போடறது? அன்னைக்குக் கையை நீட்டிச் சொன்னோமே" என்றாள் என் மகள்.

"பாத்தீங்களா, இதுதான் வாய்" என்றார் துணை முதல்வர்.

அவர் சொன்ன தீர்ப்பு இரண்டு. மேற்கோள் குறியையும் நான்காவது வரியையும் எடுத்துவிட்டுக் கட்டுரையை மறுபடி எழுதித் தர வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டும். இல்லையென்றால் ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் கிடையாது. அதாவது, அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று சொன்னால் இருபது. உண்மையைச் சொன்னால் பூஜ்யம். அவரிடமே இதைச் சொன்னேன். "மேடம், நீங்க எமோஷனலா இருக்கீங்க" என்றார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மகளிடம் நீட்டினார். மன்னிப்புக் கடிதம். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தார்கள். பெயர், வகுப்பு, தேதி ஆகியவற்றுக்கு மட்டும் கோடு விட்டிருந்தது. "இதைப் பாத்து உன் கையெழுத்துல எழுது." வேண்டுமென்றே ஆசிரியரை அவமதித்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன் என்று அதில் இருந்தது. அவள் ஒருமுறை படித்தாள்.

"நான் வேணும்னு பண்ணல, மேம். நானே வேற மாதிரி எழுதித் தரட்டுமா?"

"ஃபார்மட் மாறக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு அவளுடைய அப்பா சாப்பிட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். "எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். பன்னண்டாவதும் அங்கதானே படிச்சாகணும்."

"அவமதிச்சேன்னு எழுதணுமாங்க. இவ அவமதிச்சாளா?"

"இல்லதான். அதுக்காக நீ போய் ஸ்கூலோட சண்டை போட்டா, நாளைக்கு பிராக்டிகல்ல யார் கையில மார்க் இருக்கு? நியாயம் பேசற வருஷமா இது?"

"எந்த வருஷம் பேசலாம்னு சொல்லுங்க, அதுவரைக்கும் பொறுத்திருக்கேன்."

அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் அதே கணக்கைத்தான் உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் யாரையும் கேட்கவில்லை. காலையில் இரண்டு தாள்களை என்னிடம் காட்டினாள். ஒன்று, அவளே எழுதிய கடிதம். வகுப்பு சிரித்ததால் மிஸ்ஸின் மனம் புண்பட்டது தெரியும், அதற்கு வருந்துகிறேன், கேலி செய்ய நினைக்கவில்லை என்று மூன்று வரி. இன்னொன்று, கட்டுரை. மிஸ் சொன்ன ஒன்பது வரிகளும் அதில் இல்லை. மேற்கோள் குறி இல்லை. அதனால் நான்காவது ஆதாரமும் தேவைப்படவில்லை. முன்னுரையை அவளே எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்டபத்தில் தண்ணீரில் கால் வைத்தேன், யாரோ விட்டுப்போன ஈர வேட்டி ஒன்று என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது என்று அது ஆரம்பித்தது.

அதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை நாள் படித்தும் எனக்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரி வராது.

கடிதத்தை ஆங்கில மிஸ் வாங்கிப் படித்துவிட்டு, வகுப்பில் படிக்க வேண்டாம், துணை முதல்வரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த மட்டில் அவர் நல்லவர். கட்டுரை ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஈர வேட்டி வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு நீளமான கோடு. ஓரத்தில், பொதுவான கருத்தோடு தொடங்கவும் என்று எழுதியிருந்தது. கடைக்காரரின் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. இணையதளம் எதையாவது போடவும் என்று கீழே ஒரு குறிப்பு. இருபதுக்குப் பதினொன்று. கட்டமைப்பு இல்லை என்பது காரணம். சொல்லிக்கொடுத்த முன்னுரையை அப்படியே எழுதிய மற்றவர்களுக்குப் பதினெட்டுக்குக் குறையவில்லை. 'சோர்ஸ் நம்பர் ஃபோர்' என்று கத்தினவனுக்குப் பத்தொன்பது.

நான் மறுபடி பள்ளிக்குப் போகிறேன் என்றேன். மகள் என் கைப்பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "போகாதம்மா, ப்ளீஸ்" என்றாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் போகவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படித்துறைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் அலுவலகம் முடிந்து நான் மலைக்கோட்டைப் பக்கம் துணி எடுக்கப் போனேன். அவளும் பள்ளியிலிருந்து நேராக அங்கே வந்தாள். "அம்மா, பக்கத்துலதான், ஒரு புக் வாங்கணும்" என்று கூட்டிக்கொண்டு போனாள். பாடநூல் விற்கும் சின்னக் கடை. பதினோராம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரு கைடு வாங்கினாள். எல்லாத் தலைப்புக்கும் தயார்க் கட்டுரைகள். நான் கடை வாசலிலேயே நின்று புரட்டினேன். நதிகளைப் பற்றிய கட்டுரை, மனித நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில்தான் தோன்றின என்றுதான் ஆரம்பித்தது. வார்த்தை மாறாமல் அதே ஐந்து வரி.

"ஏய், இதைப் பாரு."

"தெரியும்மா. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு. நான்தான் வாங்காம இருந்தேன்."

அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்த் துணை முதல்வரின் மேசைமேல் எறிய வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. மகள் கடைக்காரரிடம் பை கேட்டு வாங்கி, அதை உள்ளே வைத்து மடித்துக்கொண்டாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம். போகாமல் இருக்க முடியாது. விடைத்தாளைப் பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கில மிஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்க மேடம். இப்ப பாருங்க, எவ்ளோ மாறிட்டா. கட்டுரையில இவதான் ஃபர்ஸ்ட். கிளாஸ்லயே வாசிச்சுக் காமிச்சேன்."

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். மரங்களைப் பற்றிய கட்டுரை. முன்னுரை, மூன்று பாரா, முடிவுரை, எல்லாம் அளந்து வைத்த மாதிரி. எந்த இடத்திலும் மேற்கோள் குறி இல்லை. அவள் கையெழுத்துதான், வட்ட வட்டமான அவள் எழுத்து. ஆனால் ஒரு வரிகூட அவள் பேசுகிற மாதிரி இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கைடின் மட்டமான தாள் வாசனை வந்தது.

பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டேன். "இது யாரு எழுதினது?"

மிஸ் சிரித்தார். "என்ன மேடம், உங்க பொண்ணுதான்."

நான் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாம்மா எழுதினேன்" என்றாள் அவள். தடுமாறவில்லை. என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலம் ஏறும்போது அவள்தான் ஆரம்பித்தாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"பதினொண்ணு வாங்கினப்ப நைட்டு பூரா தூங்காம இருந்த. இப்ப ஃபர்ஸ்ட்னு சொன்னதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்க. உனக்கு என்னதாம்மா வேணும்?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், துணை முதல்வருக்கு, மிஸ்ஸுக்கு, இவள் அப்பாவுக்கு. மாதக்கணக்கில் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்த பதில்கள். அதில் ஒன்றுகூட இவளிடம் சொல்வதற்கு உதவவில்லை.

"இறங்கற இடம் வருது" என்றேன். "மாம்பழச் சாலை தாண்டியாச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படிக்கட்டுக்குப் போனாள்.